மூத்தது பாதி, இளையது மீதி: பெரணிகளின் வளர்ச்சி ஹார்மோன்கள்

(மலாக்காவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மலாக்காவில் தாவரங்களைப் பற்றிப் பேச வந்தவர் 1896-ஆம் ஆண்டையும் புக்கிட் லிந்தாங்கையும் சொல்லாமல் தாண்ட முடியாது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அங்கேதான் எழுந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் எச்.என். ரிட்லி பார்க்கிற தோட்ட முதலாளிகளிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொல்லிக் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மலாக்காச் சீன வணிகர் தான் சாய் யான் அதை நம்பி ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டுப் பார்த்தார். பிறகு புக்கிட் ஆசகான். அதற்குப் பிறகு நடந்தது நம் குடும்பங்களின் வரலாறு. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மாச்சாப் என்று நம் பாட்டன் பாட்டிகள் இறங்கிய கித்தாக்காடுகள் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த 40 ஏக்கர்தான்.

ரிட்லியை நாம் ரப்பரோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறோம். அவருக்கு இன்னொரு பக்கம் உண்டு. மலாய்த் தீபகற்பத்தின் பெரணிகளை எல்லாம் தொகுத்து, ராயல் ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் 1926-இல் ஒரு நூலளவில் வெளியிட்டவரும் அவர்தான். பால்மரத்தை இந்த மண்ணில் ஊன்றியவரே அந்த மரத்தின் காலடியில் முளைக்கிற பெரணியையும் பெயர் சொல்லி எழுதி வைத்தார். அந்தக் காலடிச் செடிதான் இன்று என் பொருள்.

1926 தாவர ஹார்மோன் வரலாற்றிலும் பெரிய ஆண்டு. அன்று ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில் குரோசாவா எய்ச்சி என்பவர், நெற்பயிர் நோஞ்சானாக நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும் ஒரு நோயை ஆராய்ந்தார். நோய்க்குக் காரணமான பூஞ்சையை வளர்த்த நீரை வடிகட்டி, பூஞ்சையே இல்லாத அந்த நீரை நாற்றுக்கு ஊற்றினார். நாற்று அப்போதும் நெடுநெடுவென்று வளர்ந்தது. அப்படியானால் வளர்த்தது பூஞ்சை அல்ல, அது கசிய விட்ட ஒரு பொருள். அதுவே பின்னாளில் ஜிப்ரலின் என்று பெயர் பெற்றது. அதே 1926-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃபிரிட்ஸ் வெந்த் ஓட்ஸ் நாற்றின் நுனியிலிருந்து ஒரு பொருளை அகார் துண்டில் இறக்கிப் பிடித்துக் காட்டினார். அது ஆக்சின். ரிட்லியின் பெரணித் தொகுப்பும் இந்த இரண்டு சோதனைகளும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன. அவை சந்திக்க இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆயின.

நம் தோட்டத்து மக்களுக்கு ஹார்மோன் புதிய பொருள் அல்ல. அதைத் தொட்டு, பூசி, அதன் விளைவை மங்கில் அளந்து பார்த்தவர்கள் அவர்கள். 1950-களில் 2,4-டி என்ற செயற்கை ஆக்சினைச் செம்பனை எண்ணெயில் குழைத்து, வெட்டுக்குக் கீழே பட்டையைச் சுரண்டிப் பூசினார்கள். பால் கூடியது. அதே 2,4-டியை அளவு கூட்டித் தெளித்தால் களை சாகும். இயற்கை ஆக்சினைப் போல் நடிக்கிற ஒரு பொருள் ஓரிடத்தில் ஊக்கியாகவும் ஓரிடத்தில் கொல்லியாகவும் வேலை செய்ததை நம்மவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு 1968-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் இதழில் ஏப்ரஹாம், விச்சர்லி, பாக்கியநாதன் மூவரும் எத்திஃபானைப் பற்றி எழுதினார்கள். எத்திஃபான் பட்டைக்குள் போனதும் சிதைந்து எத்திலீன் வாயுவை வெளியிடும். எத்திலீனும் ஒரு தாவர ஹார்மோன். பழம் பழுப்பது அதனால்தான். ரப்பர் மரத்தில் அது செய்வது வேறு: வெட்டிய பால்குழாய்களின் வாய் அடைபடுவதைத் தாமதப்படுத்துகிறது. வழக்கமாகச் சில மணி நேரத்தில் நின்றுவிடும் பால், மத்தியானம் வரை சொட்டும். முன்பு 2,4-டி பூசியபோது பால் கூடியதும், அது பட்டையை எத்திலீன் சுரக்க வைத்ததால்தான் என்பது பிறகு தெளிவாயிற்று.

ஆனால் தோட்டத்தில் இந்தப் பூச்சை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? மரத்துக்குச் சத்துக் கொடுக்கிறோம் என்றுதான் பலர் நினைத்தார்கள். உரம் போடுவது போல இதுவும் ஒன்று என்று எண்ணினார்கள். அது உண்மையல்ல. எத்திஃபான் மரத்துக்கு ஒரு பருக்கைச் சர்க்கரை கூடக் கொடுப்பதில்லை. இருக்கிற சர்க்கரையைப் பாலாக மாற்றி வெளியே விடச் சொல்கிறது, அவ்வளவுதான். அடிக்கடி பூசி அடிக்கடி வெட்டினால் மரம் ஒரு நாள் வற்றிப்போகும், பட்டை உளிக்குப் பால் தராது. இதை அனுபவித்து அறிந்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள்.

ஹார்மோன் என்பது உணவு அல்ல, அழைப்பு. பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் மணி அடிப்பார்கள். அடித்தது ஒரே மணிதான். அதைக் கேட்டதும் வெட்டுக்காரர் உளியையும் காண்டாவையும் எடுப்பார், புல் வெட்டுகிறவர் மண்வெட்டியை எடுப்பார், கைக்குழந்தைக்காரி ஆயாக்கொட்டகைக்கு ஓடுவாள். மணி யாருக்கும் பலம் கொடுக்கவில்லை. இன்ன வேலை செய் என்றும் சொல்லவில்லை. யார் கேட்டார், அவர் எதற்கு ஆயத்தமாக இருந்தார் என்பதுதான் வேலையைத் தீர்மானித்தது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். இதற்குப் பெரணியை விடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பெரணி என்றால் எது என்று மலாக்காவில் யாருக்கும் காட்டித் தர வேண்டியதில்லை. கித்தாக்காட்டில் நிழல் விழுந்த நிரைகளில் இடுப்பளவு படர்ந்திருக்கும் நெஃப்ரோலெப்பிஸ். மண் அரிப்பு எடுத்த செம்மண் கரையில் முள்வேலி போலப் பின்னிக் கிடக்கும் ரெசாம். மரத்தின் கவையில் குடலை போல உட்கார்ந்திருக்கும் லாங்சுயர் பெரணி. கித்தா போய்ச் செம்பனை வந்த பிறகு பெரணிகளுக்கு இடம் குறையவில்லை, கூடியது. வெட்டிய மட்டையின் அடித்தண்டுகள் செம்பனை மரத்தில் பல ஆண்டுகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தண்டின் இடுக்கிலும் குப்பையும் ஈரமும் சேரும். பெரணிக்கு அதைவிட நல்ல தொட்டி கிடைக்காது. நெஃப்ரோலெப்பிஸை இப்போது பல தோட்டங்கள் அழிக்காமல் விட்டு வைக்கின்றன. அது மண்ணை மூடி ஈரம் காக்கிறது என்பதால் அது நல்ல முடிவு.

ஆசகான் பக்கத்திலிருந்து பார்த்தால் குனோங் லேடாங் தெரியும். ஓஃபிர் மலை என்று ஐரோப்பியர் அழைத்த மலை. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854-இல் மலாக்காவுக்கு வந்து, ஆயர் பானாஸ் வழியாகப் போய் அந்த மலையில் ஏறினார். டிப்டெரிஸ், மட்டோனியா என்ற இரண்டு அரிய பெரணிகள் அங்கே அடர்ந்து நிற்பதைக் கண்டு வியந்து தம் பயண நூலில் பதிந்தார். டைனோசர் காலத்துப் பாறைகளில் மட்டோனியாவின் உறவினங்கள் உலகின் பல பகுதிகளில் அச்சாகிக் கிடக்கின்றன. இன்று அந்தக் குடும்பம் தென்கிழக்காசியாவுக்குள் ஒடுங்கிவிட்டது. நம் மலாக்காவின் வாசலில் நிற்கிற மலை அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.

இனிப் பெரணிக்குள் போவோம். முதலில் அதன் சுருள் தளிர்.

சந்தையில் மலாய்க்காரப் பெண்கள் கட்டுக் கட்டாக விற்கும் புச்சுக் பாக்குத் தளிரை நம் வீடுகளிலும் நெத்திலி போட்டு வதக்குவார்கள், தேங்காய்ப் பாலில் வேக வைப்பார்கள். ஆய்கிறவர் கையைக் கவனியுங்கள். தளிரை மேலிருந்து கீழாக ஒடித்துக்கொண்டே வருவார். ஓரிடம் வரை மளுக்கென்று ஒடியும். அதற்குக் கீழே வளையும், நார் தெரியும், அங்கே நிறுத்திவிடுவார். அந்த எல்லை ஓர் உயிரியல் எல்லை. மேலே இருப்பது இன்னும் நீண்டுகொண்டிருக்கும் செல்கள். கீழே இருப்பது நீண்டு முடித்து, சுவரைத் தடிப்பாக்கிக்கொண்ட செல்கள். தாவர உடற்கூற்றுப் பாடத்தின் ஒரு பக்கத்தை அந்த விரல்கள் நாள்தோறும் படிக்கின்றன.

அந்தச் செல்களை நீளச் சொல்வது யார்? அமெரிக்காவில் டெய்லர் ஸ்டீவ்ஸ், வின்ஸ்லோ பிரிக்ஸ் இருவரும் ஆஸ்முண்டா என்ற பெரணியில் இதை ஆராய்ந்து 1960-இல் வெளியிட்டார்கள். விரிந்துகொண்டிருக்கும் இலையின் சிற்றிலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டால் தண்டின் நீட்சி தளர்ந்துவிடுகிறது. கிள்ளிய இடத்தில் ஆக்சின் கலந்த பசையைத் தடவினால் மறுபடி நீள்கிறது. சுருளுக்குள் மடங்கிக் கிடக்கும் குட்டிச் சிற்றிலைகள்தாம் ஆக்சினைச் சுரந்து கீழே அனுப்பித் தண்டை நீளச் செய்கின்றன. சுருளின் உட்பக்கம் வெளிப்பக்கத்தை எட்டிப் பிடிக்கிற வேகத்தில் வளரும்போது சுருள் பிரிகிறது. வாழைக்கோ மாமரத்துக்கோ தெரிந்த அதே ஆக்சின்தான். இதுவரை வியப்பு ஒன்றும் இல்லை.

வியப்பு பெரணியின் இன்னொரு பிறவியில் இருக்கிறது. அதைப் பெரும்பாலானோர் பார்த்ததே இல்லை.

நெஃப்ரோலெப்பிஸ் இலையைத் திருப்பிப் பாருங்கள். சிற்றிலை ஓரத்தை ஒட்டிப் பழுப்புப் புள்ளிகள் வரிசை பிடித்திருக்கும். பூச்சி முட்டை என்றோ நோய் என்றோ நினைத்து இலையைக் கிள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அவை நுண்வித்துப் பைகளின் கூட்டம். முற்றியதும் வெடித்துத் தூளாகக் கொட்டும். அந்தத் தூள் ஈரத்தில் விழுந்து முளைத்தால் பெரணி வருவதில்லை. தரையோடு ஒட்டிய, பச்சைத் தாள் துண்டு போன்ற ஒன்று வருகிறது. அகலம் சில மில்லிமீட்டர்தான். முற்றும்போது மேல் நுனியில் ஒரு பிளவு விழுந்து இதய வடிவம் பெறும். புரோதாலஸ் என்று பெயர். பெரும்பகுதி ஒற்றைச் செல் தடிப்புதான். செம்பனை மட்டை இடுக்கில், கால்வாய்ச் செங்கல்லில், பாசி என்று நாம் தேய்த்துவிடும் பச்சையில் அவை ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பெரணியின் ஆண், பெண் உறுப்புகள் இந்தப் புரோதாலஸின் அடிப்பக்கத்தில்தான் உண்டாகின்றன. ஆண் செல்கள் மழைநீர்ப் படலத்தில் நீந்திப் போய்ப் பெண் செல்லை அடைந்த பிறகே நாம் அறிந்த பெரணி எழுகிறது. 1851-இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் இந்த இரண்டு பிறவிகளின் தொடர்பை நிறுவியது தாவரவியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று என்பது என் கருத்து.

இப்போது ஒரு கேள்வி. ஒரே தாயிலிருந்து விழுந்த நுண்வித்துகள் அக்கம்பக்கமாக முளைக்கின்றன. எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன. ஒரு புரோதாலஸ் ஆணுறுப்பு மட்டும் கொண்டு சின்னதாகவே நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகி இதய வடிவம் பெற்றுப் பெண்ணுறுப்பைத் தாங்குகிறது. பிறப்பில் வேறுபாடு இல்லை. பிறகு எது முடிவு செய்கிறது?

1950-இல் வால்டர் டோப் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் விடையின் முதல் நூலைப் பிடித்தார். முற்றிய புரோதாலஸ்கள் வளர்ந்த ஊடகத்தில் அவற்றை அகற்றிவிட்டு இளம் புரோதாலஸ்களை வளர்த்தார். இளையவை விரைவாக ஆணுறுப்புகளை உண்டாக்கின. மூத்தவை ஏதோ ஒன்றைக் கசிய விட்டுப் போயிருந்தன. தைவானில் குரோசாவா செய்த அதே தர்க்கம். இந்தப் பொருளுக்கு ஆந்த்ரிடியோஜன், அதாவது ஆணுறுப்பூக்கி என்று பெயர் வந்தது. உல்ரிக் நேஃப் அடுத்த ஆண்டுகளில் இன்னொன்றைக் கண்டார்: அதைச் சுரக்கிற மூத்த புரோதாலஸ், தான் சுரந்ததற்குத் தானே செவிசாய்ப்பதில்லை. இதய வடிவத்துக்கு வளர்ந்துவிட்ட பிறகு அதன் மேல் எவ்வளவு ஊற்றினாலும் அது ஆணாவதில்லை. முன்னே முளைத்தது பெண்ணுறுப்பு தாங்கும். பின்னே முளைத்தவை அதன் கசிவில் நனைந்து ஆணாகும். வேறு வேறு உடலிலிருந்து வரும் ஆணும் பெண்ணும் சேர வழி திறக்கிறது. தன்னோடு தானே கலந்து நலிந்துபோகாமல் இருக்க இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் அறியேன்.

அந்தப் பொருள் எது என்று பார்த்தபோதுதான் 1926-இன் கதை திரும்பி வந்தது. 1962-இல் ஹெல்முட் ஷ்ராவ்டோல்ஃப், அனீமியா என்ற பெரணியின் புரோதாலஸுக்கு ஜிப்ரலினைக் கொடுத்துப் பார்த்தார். ஆணுறுப்புகள் முளைத்தன. 1971-இல் நாகானிஷி கோஜியின் குழு அனீமியாவின் ஆந்த்ரிடியோஜனைப் பிரித்தெடுத்து, அது ஜிப்ரலினுக்கு நெருங்கிய உறவான மூலக்கூறு என்று அறிவித்தது. நெற்பயிரை நெடுநெடுவென்று வளர்த்த குடும்பத்துப் பொருள், பெரணியில் யார் ஆண் என்பதைத் தீர்மானிக்கிறது. நீட்சிக்கும் ஆண், பெண் என்ற பாலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அழைப்பு ஒன்று, கேட்பவர் வேறு.

ஆனால் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. மூத்த புரோதாலஸ் ஜிப்ரலினைச் செய்கிறது என்றால் அதற்குள் ஜிப்ரலின் நிறைந்திருக்குமே. அது ஏன் ஆணாகவில்லை? இளையதற்கு மட்டும் ஏன் வேலை செய்கிறது?

விடை நமக்கு மிகப் பழக்கமான ஒரு செடியின் இனத்திலிருந்து வந்தது. வேலியிலும் செம்பனை மரத்திலும் கொடியாகச் சுற்றி ஏறும் ஒரு பெரணி உண்டு. மலாய்க்காரர்கள் ரீபு-ரீபு என்பார்கள். லைகோடியம் இனம். கொடி என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரே ஒரு இலை. நுனி நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும் இலை. அதன் நடு நரம்புதான் கம்பி போல மரத்தைச் சுற்றுகிறது. பல மீட்டர் நீளத்துக்கு ஓர் இலை! கத்தியால் கொடியை அறுத்துப் போடும் தோட்டத் தொழிலாளி அறுப்பது ஓர் இலையின் நரம்பைத்தான். இந்த இனத்தின் ஜப்பானிய உறவான லைகோடியம் ஜப்பானிக்கத்தை நகோயா பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2014-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். நெற்பயிர் ஜிப்ரலினை எந்தப் புரதத்தால் உணர்கிறது என்பதை 2005-இல் கண்டுபிடித்ததும் நகோயாக்காரர்கள்தான். நெல்லில் தொடங்கிப் பெரணிக்கு வந்தார்கள்.

அவர்கள் கண்டது இது. ஜிப்ரலின் செய்வது பல படிகள் கொண்ட வேலை. மூத்த புரோதாலஸ் கடைசிப் படியைத் தவிர மற்றவற்றையெல்லாம் செய்கிறது. கடைசிப் படியைச் செய்யும் நொதியை மட்டும் அது உண்டாக்குவதில்லை. ஆகவே அதற்குள் முழுமையான ஜிப்ரலின் இல்லை. முடியாத நிலையில் உள்ள அந்த மூலக்கூற்றின் மேல் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டி வெளியே விடுகிறது. அப்படி ஒட்டியதால் அது எண்ணெய்த் தன்மை பெற்று, அடுத்த செல்லின் சவ்வுக்குள் எளிதாக நுழைகிறது. இளைய புரோதாலஸில் மறுபாதி ஆயத்தமாக இருக்கிறது: மெத்திலைக் கழற்றுகிற நொதியும் கடைசிப் படியைச் செய்கிற நொதியும் அங்கேதான் உண்டு. கழற்றி, ஓர் ஆக்சிஜனைச் சேர்த்ததும் ஜிப்ரலின் முழுமை பெறுகிறது. உடனே ஆணுறுப்பு முளைக்கத் தொடங்குகிறது. மூத்தது பாதி செய்கிறது, இளையது மீதியைச் செய்கிறது. இரண்டு தனித்தனி உயிர்கள் சேர்ந்து ஒரு ஹார்மோனைச் செய்கின்றன. கசிய விட்டது தன்னைத் தாக்காமல் இருப்பதும், பக்கத்தில் இருப்பதைச் சரியாகப் போய்ச் சேர்வதும் இந்த ஒரே ஏற்பாட்டில் அடங்கிவிடுகின்றன. இந்த ஆய்வைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆந்த்ரிடியோஜனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெரணியின் நுண்வித்து முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணுக்குள் புதைந்துபோனது இருட்டில் உறங்கிக் கிடக்கும். மேலே ஒரு மூத்த புரோதாலஸ் இருந்து அதன் கசிவு மண்ணில் இறங்கினால், பல இனங்களில் இருட்டிலேயே முளைத்து அங்கேயே ஆணுறுப்பை உண்டாக்கிவிடுகிறது. வெளிச்சம் பார்க்காமலே தன் பங்கைச் செய்து முடிக்கும் உயிர்.

மற்ற ஹார்மோன்களையும் தொட்டுவிடுகிறேன். வறட்சியில் செடியின் இலைத்துளைகளை மூடச் செய்வது அப்சிசிக் அமிலம் என்று பள்ளியில் படிக்கிறோம். செரட்டோப்டெரிஸ் என்ற நீர்ப்பெரணியில் அதே அமிலம் ஆந்த்ரிடியோஜனுக்கு எதிராக நின்று, புரோதாலஸ் ஆணாகாமல் தடுக்கிறது. பூக்கும் தாவரங்களில் அப்சிசிக் அமிலத்தின் அழைப்பைக் கடத்தும் ஒரு மரபணுவின் உறவுதான் பெரணியில் இந்தப் பால் முடிவுக்கும் பொறுப்பு என்பதை மக்காடம் குழுவினர் 2016-இல் காட்டினார்கள். பெரணியின் இலைத்துளைகள் இந்த அமிலத்தைக் கேட்டு மூடுகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. மக்காடம் குழுவினர் சொல்வது சரியாக இருந்தால், பால் முடிவுதான் பழைய வேலை, வறட்சிக் காவல் பின்னால் வந்த வேலை.

எத்திலீன் நம் கித்தா மரத்துக்குப் பழக்கமான வாயு. தமிழ்நாட்டு வயல் வரப்புகளிலும் குளத்தோரங்களிலும் பறித்துச் சமைக்கும் ஆரைக்கீரை ஒரு பெரணி. நான்கு சிற்றிலை கொண்ட அதைப் பலர் பெரணி என்று நம்பமாட்டார்கள். தண்ணீர் ஏறும்போது அந்தக் குடும்பத்துப் பெரணிகளின் காம்பு நீண்டு இலையை நீர்மட்டத்துக்குக் கொண்டுவரும். அதில் எத்திலீனுக்குப் பங்கு உண்டு: நீருக்குள் வாயு வெளியேற முடியாமல் தேங்கி, காம்பை நீளச் சொல்கிறது. பூக்கும் தாவரங்கள் எத்திலீன் செய்யும் வழி நன்றாகத் தெரிந்த ஒன்று. 1996-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செர்னிஸ், கெண்டே இருவரும் ஆரைக்கீரையையும் அதன் உறவான ரெக்னெலிடியத்தையும் சோதித்தார்கள். அவை அந்த வழியில் எத்திலீன் செய்வதில்லை, வேறு வழியில் செய்கின்றன. சேர்ந்த இடம் ஒன்று, வந்த பாதை வேறு. மாம்பழத்தைப் பழுக்கச் செய்வதும் கித்தாப்பாலை நிற்காமல் சொட்ட வைப்பதும் ஆரைக்கீரையின் காம்பை நீட்டுவதும் இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன் கொண்ட அதே சின்ன மூலக்கூறுதான்.

இவ்வளவையும் ஏன் மலாக்காவில், தமிழில், இந்த அரங்கில் சொல்கிறேன்? நம் பிள்ளைகளுக்கு ஹார்மோன் என்பது பாட நூலில் ஓர் அட்டவணையாகவே வந்து சேர்கிறது. ஆக்சின் என்றால் நீட்சி, ஜிப்ரலின் என்றால் உயரம், எத்திலீன் என்றால் பழுத்தல், அப்சிசிக் என்றால் உறக்கம். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்த அட்டவணை பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது ஹார்மோனை ஒரு குணமுள்ள சரக்காகக் காட்டுகிறது. இந்தப் பார்வைதான் எத்திஃபானைச் சத்து என்று நினைக்க வைத்தது. இன்று ஹார்மோன் என்று பெயர் ஒட்டி விற்கும் எந்தப் புட்டியையும் வாங்கிப் பூச்செடிக்கு ஊற்ற வைப்பதும் இதுதான். அளவும் வயதும் இடமும் பார்க்காமல் ஊற்றிய ஹார்மோன் செடிக்கு உதவி அல்ல.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் பள்ளியில் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். மலாக்கா நகரத்தின் பழைய சுவர்களில், சுண்ணாம்புச் சாந்து வெளியே தெரியும் இடங்களில், நீள நீளமான சிற்றிலைகளுடன் ஒரு பெரணி தொற்றி நிற்கும். டெரிஸ் விட்டாட்டா. மண்ணில் உள்ள ஆர்செனிக்கை உறிஞ்சித் தன் இலையில் சேர்த்துக்கொள்வதால் 2001-இல் உலகப் புகழ் பெற்ற செடி அது. அந்தக் காலத்தில் லாலாங் புல்லைக் கொல்லத் தோட்டங்களில் சோடியம் ஆர்சினைட் தெளித்ததை நினைத்தால் அந்தச் செடி மேல் எனக்குத் தனி மதிப்பு. ஆந்த்ரிடியோஜன் உள்ளது என்று ஆய்வில் தெரிந்த இனங்களில் அதுவும் ஒன்று.

அதன் முற்றிய இலை ஒன்றைச் சுத்தமான வெள்ளைத் தாளில், அடிப்பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு நாள் மூடி வையுங்கள். தாளில் பழுப்புத் தூள் விழும். கொதிநீர் ஊற்றி ஆற வைத்த செங்கல் துண்டுகளைக் கண்ணாடி மூடி போட்ட தட்டுகளில் கொஞ்சம் நீரோடு வையுங்கள். ஒரு துண்டின் மேல் தூளை அடர்த்தியாகத் தூவுங்கள், இன்னொன்றில் மிக ஐதாக. நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் வேண்டும். சில வாரங்களில் பச்சை படரும். ஊசி முனையால் புரோதாலஸ்களை எடுத்துத் திருப்பி, பள்ளியில் இருக்கும் எளிய நுண்ணோக்கியில் பாருங்கள். அடர்த்தியான துண்டில் குட்டையான, பிளவு விழாத, குமிழ் குமிழாக ஆணுறுப்பு தாங்கியவை எத்தனை, இதய வடிவம் பெற்றவை எத்தனை என்று மாணவர்களே எண்ணட்டும். ஐதான துண்டில் எத்தனை என்று ஒப்பிடட்டும். அடுத்த சுற்றில், மூத்த புரோதாலஸ்கள் வளர்ந்த தட்டின் நீரை எடுத்துப் புதிதாகத் தூவிய துண்டுக்கு ஊற்றட்டும். 1950-இல் டோப் கேட்ட கேள்வியை ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஆறாம் ஆண்டுப் பிள்ளை தன் கையால் கேட்க முடியும்.

நம் ரீபு-ரீபுவிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஜப்பானிய உறவில் கண்டது இங்குள்ள லைகோடியங்களிலும் அதே அளவில் நடக்கிறதா, தனியாக விழுந்த ஒரு நுண்வித்திலிருந்தே செடி வருகிறதா, செம்பனைத் தோட்டத்தில் அது இவ்வளவு எளிதாகப் பரவ அதுவும் ஒரு காரணமா என்று பாருங்கள். லைகோடியம் மைக்ரோஃபில்லம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காடுகளை மூடிப் பெரிய தொல்லையாகிவிட்டது. அங்கே அதை ஆராய்கிறார்கள். அது பிறந்து வளர்ந்த இடங்களில் ஒன்று இது. வித்துத்தூள் சேகரிக்கவும் தட்டுகளை அமைக்கவும் உதவி வேண்டும் பள்ளிகள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். அடுத்த பள்ளித் தவணை தொடங்குவதற்குள் தட்டுகளோடு வருகிறேன்.